அப்பா அம்மாவுக்கு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம்: எதைப் பார்த்து வாங்குவது?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேரன் முதன்முதலாக எழுந்து நின்ற படம் வருகிறது. அம்மா பார்த்து மகிழ்கிறார், பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் காட்டுகிறார். மறுநாள் விடிவதற்குள் அந்தப் படம் காலை வணக்கங்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் அடியில் போய்விடுகிறது. ஒரு வாரம் கழித்துத் தேடினால் கிடைப்பதில்லை. போனில் இடமில்லை என்று யாராவது மொத்தமாக அழித்தும் இருப்பார்கள். ஹாலில் ஒரு டிஜிட்டல் போட்டோ ஃபிரேம் இருந்தால் இந்தத் தேடலுக்கே வேலை இல்லை. படங்கள் தாமாக மாறிக்கொண்டிருக்கும். போகிற வருகிற நேரத்தில் கண்ணில் படும்.

கடையிலும் இணையத்திலும் பார்த்தால் எல்லா ஃபிரேமும் ஒரே மாதிரிதான் தெரியும். விலையில் மட்டும் இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். இன்ச், பிக்சல், ஜிபி என்று கணக்குப் போடத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரிலிருந்து கிளம்பிய பிறகு, அதில் புதுப் படங்களை யார் போடப் போகிறார்கள்? அப்பா அம்மாதான் போட வேண்டும் என்றால், பெரும்பாலான வீடுகளில் அந்த ஃபிரேம் முதல் நாள் ஏற்றிய படங்களோடு நின்றுவிடும். அந்த வேலை உங்கள் போனிலிருந்தே நடக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

முதலில் வீட்டைக் கவனியுங்கள்

ஃபிரேமைத் தேடுவதற்கு முன் ஊருக்கு ஒரு போன் போட்டு மூன்று விஷயம் கேளுங்கள். வீட்டில் வைஃபை இருக்கிறதா? ஹாலில் எந்த இடத்தில் காலியாக ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கிறது? அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து அது எவ்வளவு தூரம்?

வைஃபை இருந்தால், ரவுட்டரின் பெயரும் பாஸ்வேர்டும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் தேவைப்படும். விலை குறைந்த ஃபிரேம்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் இணையும். இப்போதைய ஃபைபர் ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் தருகின்றன. பெயர் இரண்டும் தனித்தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஒரே பெயரில் இருந்தாலும் பெரும்பாலும் ஃபிரேம் தானே 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் ரவுட்டர் செட்டிங்கில் இரண்டையும் பிரித்துப் பெயர் வைக்க வேண்டும்.

ப்ளக் பாயின்டை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், இந்த ஃபிரேம்களில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. எப்போதும் கரண்டில்தான் ஓடும். ஒயர் ஒன்றரை மீட்டர் அளவில்தான் இருக்கும். நடைபாதையின் குறுக்கே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்தால், வயதானவர்கள் கால் தடுக்கி விழும் ஆபத்து. அப்படி ஒரு நிலை வந்தால் இடத்தை மாற்றுங்கள், ஒயரை நீட்ட வேண்டாம்.

இரண்டு வகை, இரண்டு விதமான வீடுகள்

முதல் வகையில் வைஃபை இருக்காது. மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ படங்களை ஏற்றிச் செருகிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும். விலை குறைவு, குழப்பமும் குறைவு. வீட்டில் இணைய இணைப்பே இல்லை, அப்பாவின் போனில் மட்டும்தான் நெட் என்றால் இதுதான் சரி. இரண்டு பென் டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஃபிரேமில், மற்றொன்று உங்களிடம். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் புதுப் படங்கள் ஏற்றியதைச் செருகிவிட்டுப் பழையதை எடுத்துவந்துவிடலாம். அங்கே போய் உட்கார்ந்து ஒன்றும் காப்பி செய்ய வேண்டியிருக்காது.

இந்த வகையில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. மலிவான ஃபிரேம்கள் பல 32 ஜிபி வரையிலான கார்டைத்தான் படிக்கும். அதற்கு மேற்பட்ட கார்டுகள் வேறு ஃபார்மட்டில் வருவதால் ஃபிரேம் அவற்றைக் கண்டுகொள்ளாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. 2017-க்குப் பிறகு ஐபோன் கேமரா படங்களை ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கிறது. சாதாரண ஃபிரேமில் அது திறக்காது. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் அதன் பிறகு எடுப்பதெல்லாம் ஜேபெக் ஆகிவிடும். பழைய படங்களைத் தனியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், போனை நிமிர்த்தி எடுத்த சில படங்கள் ஃபிரேமில் படுத்துக்கொண்டு தெரியும். போனிலேயே அந்தப் படத்தை எடிட்டில் திறந்து லேசாக ஓரம் வெட்டிச் சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது வகை வைஃபை ஃபிரேம். நீங்கள் எங்கிருந்தாலும் ஆப்பில் ஒரு படத்தை அனுப்பினால் சிறிது நேரத்தில் ஊர் ஹாலில் தெரியும். வீட்டில் வைஃபை இருக்கிறது என்றால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து இதையே வாங்குங்கள் என்பேன். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதில்தான் முழுப் பதில் இருக்கிறது. சாதாரண ஃபிரேம் மூன்றாயிரம், நாலாயிரத்தில் கிடைத்தாலும், படம் மாறாமல் நின்றுபோனால் அந்தப் பணமும் வீண்தான்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டேப்லெட்டை ஃபிரேம் ஆக்கிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். சில நாள் வைத்துப் பழக அது போதும். நிரந்தரமாக வேண்டாம். பேட்டரி உள்ள கருவியை இருபத்துநான்கு மணி நேரமும் சார்ஜில் போட்டு வைத்தால் பேட்டரி உப்பிக்கொள்ளக்கூடும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அந்த ஆபத்து தேவையில்லை.

திரை: அளவைவிட வடிவம் முக்கியம்

7 இன்ச் திரை, மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கத்தான் சரிவரும். சோபாவிலிருந்து பார்க்க 10.1 இன்ச்சாவது வேண்டும். கண் பார்வை மங்கியவர்களுக்கு 15 இன்ச் நல்லது, ஆனால் விலை எகிறும்.

10 இன்ச்சில் 1024 x 600 என்று போட்டிருப்பதைத் தவிருங்கள். முகங்கள் சற்றுக் கரடுமுரடாகத் தெரியும். 1280 x 800 போதும். அதற்கு மேல் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஐபிஎஸ் என்ற சொல் விவரத்தில் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அது இல்லாத திரையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறி, முகம் கறுத்துத் தெரியும். ஹாலில் யாரும் நேர் எதிரே உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை.

வடிவத்துக்கு வருவோம். 10.1 இன்ச் ஃபிரேம் பெரும்பாலும் 16:10 விகிதம், அகலமானது. போன் கேமரா எடுப்பது 4:3. அகலவாக்கில் எடுத்த படம் திரையில் ஆறில் ஐந்து பங்கை நிரப்பும், பரவாயில்லை. ஆனால் நாம் எடுப்பதெல்லாம் போனை நிமிர்த்திப் பிடித்துத்தானே? அப்படி எடுத்த படம் படுக்கவைத்த ஃபிரேமில் பாதித் திரையைக்கூட நிரப்பாது. இரண்டு பக்கமும் காலி. 'முழுத் திரையையும் நிரப்பு' என்று போட்டால் தலையோ காலோ வெட்டுப்படும். உங்கள் போன் கேலரியை ஒரு நிமிடம் தள்ளிப் பாருங்கள். நிமிர்ந்த படங்களே அதிகம் என்றால், ஃபிரேமையும் நிமிர்த்தி வைக்க முடிகிற மாடலாக வாங்குங்கள். ஸ்டாண்ட் இரண்டு விதமாகவும் நிற்கிறதா, திருப்பினால் படமும் தானே திரும்புகிறதா என்று விவரத்தில் தேடுங்கள். இரண்டும் கலந்திருக்கிறது என்றால், இரண்டு நிமிர்ந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் வசதி உள்ளதைப் பாருங்கள்.

ஜிபி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு படம் 3 எம்பி என்று வைத்தாலே 16 ஜிபி ஃபிரேமில் ஆயிரக்கணக்கில் அடங்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் தெளிவாகத் தெரியுமா என்ற சந்தேகமும் வேண்டாம். சாதாரணமாக அனுப்பினாலே நீள வாக்கில் சுமார் 1600 பிக்சல் இருக்கும். 1280 பிக்சல் திரைக்கு அது தாராளம். பலர் கைமாறி வந்து வந்து மங்கிப்போன படங்களை மட்டும் தவிருங்கள்.

ஆப்பை விசாரிக்காமல் வாங்க வேண்டாம்

வைஃபை ஃபிரேம் என்றால் நீங்கள் வாங்குவது பாதி கருவி, பாதி ஆப். வாங்கும் பக்கத்தில் எந்த ஆப் என்று போட்டிருக்கும். அதன் பெயரைப் போனில் தேடி, சமீபத்திய விமர்சனங்களைப் படியுங்கள்.

விலை குறைந்த ஃபிரேம்களில் அதிகம் காண்பது ஃபிரேமியோ. டென்மார்க் நிறுவனத்தின் ஆப், பல பிராண்டுகள் தங்கள் ஃபிரேமில் இதைப் போட்டு விற்கின்றன. படங்கள் ஃபிரேமுக்குள்ளேயே தங்குவதால், நெட் போனாலும் ஏற்கெனவே வந்தவை ஓடிக்கொண்டிருக்கும். இலவசமாகவே பயன்படுத்தலாம். ஒரு முறைக்குப் பத்துப் படம், பதினைந்து விநாடி வீடியோ என்ற வரம்பு உண்டு. பெற்றோருக்கு அனுப்ப அது போதும். அமெரிக்காவிலிருந்து வாங்கி வருபவர்கள் ஆரா என்ற பிராண்டு ஃபிரேமைப் பார்ப்பார்கள். சந்தா கிடையாது, திரை நன்றாக இருக்கும். விலை கூடுதல், வைஃபை இல்லாத வீட்டுக்கு அது ஆகாது.

சந்தா விஷயத்தில் எச்சரிக்கை தேவை. படங்களை நிறுவனத்தின் சர்வரில் வைக்கும் ஃபிரேம்களில் விதிகள் நடுவழியில் மாறும். நிக்ஸ்ப்ளே என்ற ஃபிரேம் நிறுவனம் 10 ஜிபி வரை இலவசமாகத் தந்துகொண்டிருந்தது. 2025-ல் அதை 500 எம்பி ஆகக் குறைத்துவிட்டது. அதே 2025 மார்ச் இறுதியில், வெளி ஆப்கள் நம் ஆல்பங்களை முழுவதுமாகப் படிக்கும் வழியை கூகுள் போட்டோஸ் அடைத்தது. அதனால் 'கூகுள் ஆல்பத்தோடு தானாக இணையும்' என்று பழைய விமர்சனத்தில் படித்தால் அதை நம்பி வாங்காதீர்கள்.

இன்னொன்று பாதுகாப்பு. 2025 நவம்பரில் குவோக்கா என்ற மொபைல் பாதுகாப்பு நிறுவனம், யூஹேல் என்ற ஆப்பில் ஓடும் ஃபிரேம்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. அவற்றில் சில, ஆன் ஆகும்போதே தீய மென்பொருளை இறக்கிக்கொண்டதாக அதில் சொல்லியிருந்தார்கள். உள்ளே இருந்தது ஆண்ட்ராய்டு 6, 2015-ல் வந்த பதிப்பு. பல பெயர்களில் இந்த ஃபிரேம்கள் விற்கப்படுவதால், பெட்டியில் இருக்கும் பிராண்டைவிட ஆப்பின் பெயர்தான் முக்கியம். அப்பா பென்ஷன் கணக்கைப் பார்க்கும் போனும் இந்த ஃபிரேமும் ஒரே வைஃபையில்தான் இருக்கப் போகின்றன. ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கான தனி வைஃபை) வசதி இருந்தால் ஃபிரேமை அதில் இணைத்துவிடுவது நல்லது.

பெட்டி வந்ததும் சோதிக்க வேண்டியவை

நேராகப் பெற்றோர் முகவரிக்கு அனுப்பாதீர்கள். உங்களிடம் வரவழைத்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இரண்டு நாள் ஓடவிட்டுப் பாருங்கள்.

நான் மிக முக்கியமாக நினைப்பது கரண்ட் சோதனை. படங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஒன்றையும் தொடாமல் அது தானாக ஆன் ஆகி, வைஃபையில் இணைந்து, படங்களைக் காட்டத் தொடங்க வேண்டும். சில மாடல்கள் மெனுவில் வந்து நின்றுவிடும், சிலவற்றில் பின்னால் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கரண்ட் போய் வரும் ஊரில் அப்படிப்பட்ட ஃபிரேம் ஒரு வாரத்தில் இருட்டாகிவிடும், 'அது ரிப்பேர் ஆயிடுச்சுப்பா' என்று போன் வரும். இந்தச் சோதனையில் தோற்றால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடாப்டர் நம் ஊர் பாயின்டில் நேராகப் பொருந்துகிறதா, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தொட்டால் கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறதா, வெளிநாட்டில் வாங்கியது என்றால் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

'கரண்டு பில் ஏறாதா?' என்று அம்மா கேட்பார். 10 இன்ச் ஃபிரேம் 7 வாட் எடுக்கிறது, தினம் 14 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.1 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு ஆறு யூனிட்தான். இதைச் சொல்லிவிட்டால் நிம்மதியாக ஓடவிடுவார், இல்லாவிட்டால் விருந்தாளி வரும்போது மட்டும்தான் போடுவார்.

அங்கே போனதும் ப்ளக் போட்டால் போதும் என்ற நிலைக்கு

நீங்கள் நேரில் போக முடியாமல், தம்பி கையிலோ கூரியரிலோ அனுப்புகிறீர்கள் என்றால் வைஃபை பாஸ்வேர்டை அங்கே யார் போடுவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊரில் இருந்து வந்த ஸ்டிக்கர் படத்தை எடுங்கள். உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும் வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் பேண்டை 2.4 ஆகவும், பாதுகாப்பை ரவுட்டரில் உள்ளது போலவே, பெரும்பாலும் டபிள்யூபிஏ2, மாற்றிக்கொள்ளுங்கள். ஐபோனில் ஹாட்ஸ்பாட்டின் பெயர் என்பது போனின் பெயர்தான், அதை மாற்ற வேண்டும், கூடவே 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி'யை ஆன் செய்ய வேண்டும். இப்போது ஃபிரேமை இந்த ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஆப்பையும் சேர்த்து, படங்களை அனுப்பி முடித்துவிடுங்கள். ஊரில் ப்ளக் போட்டதும், தனக்குத் தெரிந்த பெயர் என்று ஃபிரேம் வீட்டு வைஃபையில் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கூடவே இந்த செட்டிங்குகளையும் முடித்துவிடுங்கள். ஒரு படம் குறைந்தது 30 விநாடி நிற்கட்டும். பத்து விநாடி என்று வருவதை அப்படியே விட்டால், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்வதற்குள் படம் போய்விடும். படங்கள் வரிசை மாறி மாறி வரட்டும். வீடியோ சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், திடீரென்று குழந்தை அழும் சத்தம் கேட்டால் பதறிவிடுவார்கள். இரவு பத்துக்கு அணைந்து காலை ஆறுக்கு எரியும்படி நேரம் வையுங்கள். அவர்கள் விழிக்கும் நேரம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

என்ன படங்களை ஏற்றுவது

இங்கே நேரம் செலவழியுங்கள். கேலரியை மொத்தமாகக் கொட்டினால் ஒரே கேக் வெட்டும் படம் பதினைந்து முறை வரும். தொடக்கத்துக்கு இருநூறு படம் போதும். 30 விநாடி வீதம் ஒரு சுற்று முடிய நூறு நிமிடம் ஆகும்.

பேரப்பிள்ளைகள் படம் கட்டாயம் இருக்கும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. பலர் மறப்பது பெற்றோரின் சொந்த வாழ்க்கையை. அப்பா வேலை பார்த்த அலுவலகத்தின் பிரிவு உபசார குரூப் போட்டோ, அம்மாவின் கல்லூரித் தோழிகள், வீடு கட்டும்போது கடைக்கால் தோண்டிய நாள், முதலில் வாங்கிய ஸ்கூட்டர், கொடைக்கானலில் கைகட்டி நின்று எடுத்த படம். இவை பீரோவின் மேல் தட்டில் ஆல்பத்தில் இருக்கும். ஊருக்குப் போகும்போது கூகுளின் போட்டோஸ்கேன் ஆப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மூலைகளிலிருந்தும் படம்பிடித்துச் சேர்ப்பதால் பளபளப்பில் விழும் வெளிச்சத் திட்டு பெரும்பாலும் போய்விடும். ஜன்னல் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஒட்டும் பக்கங்கள் உள்ள பழைய ஆல்பத்தில் படத்தைப் பிய்த்து எடுக்க முயலாதீர்கள், பசை இறுகியிருந்தால் கிழிந்துவிடும். அப்படியே மேலிருந்து எடுத்தால் போதும். எடுக்கும்போது அம்மாவை அருகில் உட்காரவைத்து யார் யார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைப் படத்துக்கு அடியில் வரும்படி ஆப்பிலேயே எழுதி அனுப்பலாம். தமிழ் எழுத்து ஃபிரேமில் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு படத்தில் முதலில் சோதித்துவிட்டு மற்றவற்றில் எழுதுங்கள்.

காலமானவர்களின் படங்களை அப்பா அம்மாவைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். பேத்தியின் பிறந்தநாள் படத்துக்கு அடுத்து, போன வருடம் தவறிப்போன சித்தப்பாவின் சிரித்த முகம் திடீரென்று வரும். சிலருக்கு அது பெரிய ஆறுதல். சிலருக்கு அன்றைய பொழுதே கனத்துவிடும். இதில் சரி தவறு இல்லை, பார்க்கப் போகிறவர்கள் விருப்பம்தான். அதேபோல, கைக்குழந்தையின் படம் ஹாலில் வருகிற போகிறவர்கள் கண்ணில் எல்லாம் படுவது சில அம்மாக்களுக்குப் பிடிக்காது. வாதம் செய்யாதீர்கள். ஃபிரேமைப் படுக்கையறையில் வைத்துவிட்டால் போயிற்று.

வைக்கும் இடம்

ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பகல் முழுக்க கண்ணாடி மாதிரிப் பளபளக்கும், படம் தெரியாது. டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் சீரியல் நேரத்தில் கண்ணை உறுத்தும். சாப்பாட்டு மேஜைக்கு அருகில், உட்கார்ந்திருக்கும்போது கண்மட்டத்துக்கு வரும் அலமாரித் தட்டு பெரும்பாலும் நல்ல இடம். பூஜை அலமாரியில் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் சூடும் ஃபிரேமுக்கு ஆகாது.

கொடுத்த பிறகு

ஆப்பில் உங்களோடு அக்கா, தம்பி, மருமகள் என்று இரண்டு மூன்று பேரைச் சேர்த்துவிடுங்கள். ஃபிரேமில் வரும் இணைப்புக் குறியீட்டை அவர்களுக்கு அனுப்பினால் போதும். ஒருவர் வேலையில் மூழ்கினாலும் மற்றவர் அனுப்புவார். அந்தக் குறியீட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், தனித்தனியாக அனுப்புங்கள். குறியீடு கையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் ஹாலுக்குப் படம் அனுப்ப முடியும்.

மொத்தமாக ஐம்பது படம் அனுப்புவதைவிட வாரத்துக்கு இரண்டு மூன்று அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது 'புதுசா ஒண்ணு வந்திருக்கே, அது எந்த ஊரு?' என்று கேட்பார்கள். பெரிய விசேஷம் இருக்க வேண்டும் என்றில்லை. மதியம் சமைத்த மீன் குழம்பு, ஆபீஸ் மேஜை, மழையில் நனைந்த தெரு, எதுவானாலும் பார்ப்பார்கள்.

அப்பா படம் எதையாவது தவறுதலாக அழித்துவிடுவார் என்ற பயம் இருந்தால், தொடுதிரையைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று செட்டிங்கில் பாருங்கள். ஃபிரேமில் இருப்பதை மட்டும் நம்பாமல், ஏற்றிய படங்களின் நகல் ஒன்றைக் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு இது கட்டாயம். பின்னாளில் ஃபிரேமை யாருக்காவது கொடுத்தாலும், கடைக்கே திருப்பினாலும், செட்டிங்கில் போய் ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் ஆப்பிலிருந்தும் அதை நீக்கிவிட்டுக் கொடுங்கள். மெமரி கார்டை உருவிக்கொள்ள மறக்காதீர்கள்.